கதிரையில் இருத்திப் பொன்னாடை போர்த்தினால் தனிமை போகுமா?

கேள்வி இதுதான். திருகோணமலை நகரத்தை அண்டிய ஒரு சனசமூக நிலையத்தின் இளைஞர்கள், பிள்ளைகள் வெளிநாட்டிலும் கொழும்பிலும் இருக்க ஊரில் தனித்துப்போன வயோதிபர்களுக்காக ஒரு வேலைத்திட்டம் தொடங்க நினைக்கிறார்கள். காசு தர முன்வந்த கனடா ஊர்ச்சங்கம், "முதியவர்களையும் இந்தத் திட்டத்தில் பங்குபற்ற வையுங்கள்" என்று ஒரு நிபந்தனை போட்டிருக்கிறது. அதை எப்படிச் செய்வது, ஒக்டோபர் 1 அன்று ஒரு விழா எடுத்துத் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சமூகசேவைப் பக்கம் நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த நிபந்தனையைச் சம்பிரதாயம் என்று நினைத்துவிடாதீர்கள். திட்டம் பலிக்குமா இல்லையா என்பதே அதில்தான் தங்கியிருக்கிறது. முதியோரின் தனிமையைக் குறைக்க எடுத்த முயற்சிகள் பற்றிய 32 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த மீளாய்வு ஒன்று 2011 இல் வெளியானது. முதியவர்கள் தாங்களே இறங்கிப் பங்கெடுத்த திட்டங்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டவை ஏதோவொரு பலனைக் காட்டின. அவர்கள் சும்மா இருந்து பெற்றுக்கொண்ட திட்டங்களில் 44 சதவீதம்தான் அப்படி. தனித்தனியாக ஒருவரைப் போய்ப் பார்ப்பதைவிடக் குழுவாகக் கூடியவை கூடுதலாகப் பயன் தந்தன. இந்த ஆய்வுகள் பெரும்பாலும் வசதியான நாடுகளில் நடந்தவை. ஆனால் அது சொல்லும் விசயம் எங்கள் ஊருக்கும் பொருந்தும் என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

காரணம் பெரிய மர்மம் இல்லை. எழுபது வயதில் ஒரு மனிசிக்கு இல்லாமல் போவது பார்க்க வரும் ஆள் மட்டுமல்ல. காலையில் தேத்தண்ணி கேட்கக் கணவர் இல்லை, பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்தப் பேரப்பிள்ளை பக்கத்தில் இல்லை, நல்லது கெட்டதுக்கு யோசனை கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரியும் மகளோடு மட்டக்களப்புக்குப் போய்விட்டாள். அவரை நம்பி நடக்கிற காரியம் ஒன்றும் மிச்சமில்லை. அந்த நேரம் பார்த்து நாங்கள் அரிசிப் பொதியோடு போய், கையில் கொடுத்து, படமும் எடுத்துக்கொண்டு வந்தால், "இனி நீங்கள் வாங்குகிற ஆள்தான்" என்று ஊரறியச் சொன்ன மாதிரி ஆகிவிடும். பொதி தேவைப்படுகிறவர்களுக்குப் பொதி கொடுக்கத்தான் வேண்டும். அதைத் தனிமைக்கு மருந்து என்று மட்டும் நினைக்காதீர்கள்.

இதைத் தலைகீழாகச் செய்து காட்டியவர்கள் சிம்பாப்வேயில் இருக்கிறார்கள். மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006 இல் தலைநகர் ஹராரேயில் 14 பாட்டிமாரோடு ஒரு வேலையைத் தொடங்கினார். கிளினிக் வளவில் ஒரு மரவாங்கு. பயிற்சி எடுத்த பாட்டி ஒருவர் அதில் இருப்பார். மனம் சோர்ந்து வருகிறவர் பக்கத்தில் வந்திருந்து கதைப்பார். இருவருமாகப் பிரச்சினையைப் பிரித்துப் பார்த்து, முதலில் எதைச் செய்யலாம் என்று முடிவெடுப்பார்கள். 573 பேரைச் சேர்த்துச் செய்த பரிசோதனையின் முடிவு 2016 இல் வெளிவந்தது. வழமையான கவனிப்பைப் பெற்றவர்களைவிட, வாங்கில் இருந்து கதைத்தவர்களுக்கு ஆறு மாதத்தில் மனச்சோர்வு நன்றாகக் குறைந்திருந்தது. அங்கே கிழவிகள் உதவி பெறவில்லை. உதவி செய்தவர்களே அவர்கள்தான்.

இன்னொன்று, இது இளைஞர்கள் கிழவர்களுக்குச் செய்யும் தருமம் என்ற எண்ணத்தையும் கைவிடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஆணைக்குழு 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கைப்படி உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையை உணர்கிறார். அதில் 13 முதல் 29 வயது வரையானவர்களில் 17 தொடக்கம் 21 சதவீதத்தினர் தாங்கள் தனிமையில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் சங்கத்துப் பெடியன்களில் இரவிரவாக போனைத் தடவிக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

இனி எங்கள் மாவட்டத்துக்கு வருவோம். 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பிலேயே நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 12.4 சதவீதம், பிறகு அது கூடித்தான் வந்திருக்கிறது. ஆனால் தனிமை இடத்துக்கு இடம் வேறு. உவர்மலை, பாலையூற்றுப் பக்கம் பெரிய வீடு, பூட்டிய கேற், உள்ளே ஒரு ஆள் அல்லது இரண்டு ஆட்கள். திருக்கடலூர்க் கடற்கரையில் வீடு நிறையச் சனம், ஆனால் கடலுக்குப் போகமுடியாமல் போன பெரியவரோடு கதைக்க ஒருவருக்கும் நேரமில்லை. அவர் தனியாக இல்லை, தனிமையில்தான் இருக்கிறார். வீட்டில் ஆளிருக்கிறதா என்று மட்டும் பார்த்துப் பட்டியல் எழுதினால் இவர் விடுபட்டுப் போவார். சம்பூர்ச் சனம் 2006 இல் இடம்பெயர்ந்து, கிளிவெட்டி, கட்டைபறிச்சான் பக்கம் முகாம்களில் வருடக்கணக்காகக் கிடந்து, 2015 இலிருந்துதான் கட்டம் கட்டமாகத் திரும்பியது. வளவு திரும்பக் கிடைத்தது. பழைய அயல் முழுதாகத் திரும்பவில்லை. அங்குள்ள வயதானவர்களுக்குப் புதுச் சினேகிதத்தைவிடப் பழைய ஆட்களைத் தேடிச் சந்திக்க ஒரு வாகன ஒழுங்கு கூடப் பெரிய உதவியாக இருக்கும்.

கிண்ணியா, மூதூரில் இன்னொரு விதம். ஜமாஅத்தோடு தொழப் போகும் ஆண்கள் ஒரு நாளைக்கு ஐந்து தரம் ஒருவரையொருவர் காண்கிறார்கள். சுபஹுக்கு, அதாவது விடியற்காலைத் தொழுகைக்கு, ஒரு வாப்பா வரவில்லையென்றால், விடிந்ததும் யாராவது வீட்டு வாசலில் நிற்பார்கள். எந்தத் திட்டமும் காசு கொடுத்து உண்டாக்க முடியாத ஏற்பாடு அது. ஆனால் அந்த வலையில் வயதான உம்மாமார் இல்லை. அவர்களைச் சேர்க்க வேண்டுமென்றால் வீடுகளில்தான், பெண்கள்தான் கூட்டம் வைக்க வேண்டும். (2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறந்ததை எல்லோரும் கொண்டாடினோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் பழைய ஆட்களைக் கேளுங்கள்: பாலம் வரமுன் அக்கரை போக 'பாதை' என்ற மிதவைக்குக் காத்துநின்ற அந்த நேரத்தில் அறியாத ஊர்ச்செய்தி இருக்காது என்பார்கள்.)

யார் யார் தனிமையில் இருக்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கிராம உத்தியோகத்தரிடம் பெயர்ப்பட்டியல் இருக்கும், அது வயதைத்தான் சொல்லும். செத்தவீட்டுச் செலவுக்கு உதவ ஊரார் சந்தா கட்டும் மரண சகாய சங்கத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். சிரிக்காதீர்கள். ஊரில் வேறெந்தச் சங்கத்தில் இல்லாவிட்டாலும் வயதானவர்கள் அதில் இருப்பார்கள். மாதாமாதம் சந்தா சேர்க்கப் போகும் ஆளுக்கு ஒவ்வொரு வீட்டுப் படலையும் தெரியும். எந்த வீட்டில் கதவு திறக்க இப்போது நேரமாகிறது, யாருடைய கை நடுங்குகிறது, யார் சந்தாவைக் கொடுத்துவிட்டு "இருந்திட்டுப் போங்கோ தம்பி" என்று மறிக்கிறார் என்பதெல்லாம் தெரியும். அந்தச் சந்தாக்காரரும் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவராகத்தான் இருப்பார். உங்கள் திட்டத்தின் முதல் பங்காளி அவர்தான். அவரோடு ஒரு இளைஞரைச் சேர்த்து வீடுவீடாக அனுப்புங்கள்.

போய், "உங்களுக்குத் தனிமையாக இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். ஒருவரும் ஆம் என்று சொல்லமாட்டார்கள். அது பிள்ளைகளைக் குறைசொல்வது போலாகிவிடும். பாலையூற்றில் ஒரு வீட்டு விறாந்தையில் அப்படியொரு கேள்வி கேட்கப்பட்டபோது நானும் பக்கத்தில் இருந்தேன். சுவரில் இரண்டு மணிக்கூடு, ஒன்று எங்கள் நேரம், மற்றது ரொறொன்ரோ நேரம். "எனக்கென்ன தம்பி குறை? பிள்ளையள் மாசம் மாசம் காசு அனுப்புதுகள், ஞாயிற்றுக்கிழமை வீடியோ கோல் எடுக்குதுகள்" என்று அம்மா முடித்துவிட்டார். கேட்ட பெடியன் கொப்பியில் 'பிரச்சினை இல்லை' என்று எழுதப் போனான். கூட வந்த மூத்த பெண்மணி கதையை மாற்றினார்: "அக்கா, கலியாண வீட்டுக்கு அரியதரம் சுடுறதெண்டால் முந்தி உங்களைத்தானே கூப்பிடுவினம்?" அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் அந்த அம்மா நிறுத்தவில்லை. பாகு எந்தப் பதத்தில் இறக்க வேண்டும், மா எவ்வளவு நேரம் புளிக்க வைக்க வேண்டும், இப்போது கடையில் விற்பது ஏன் கல்லு மாதிரி இருக்கிறது. கடைசியில் தானாகவே சொன்னார்: "ரெண்டு வருசமா நான் தாச்சியைத் தூக்கேல்ல. ஆருக்குச் சுடுறது?" கேட்க வேண்டியதைக் கேட்காமலே பதில் வந்துவிட்டது.

ஆகவே கேள்வி இப்படி இருக்கட்டும்: முந்தி எந்தக் காரியத்துக்கு ஊர் உங்களைத் தேடி வந்தது? இப்போது யாரோடு ஆற அமர இருந்து கதைக்கிறீர்கள்? போகமுடியாமல் நின்றுபோன இடம் எது, ஏன்? இந்த மூன்றுக்கும் வரும் பதில்களிலிருந்துதான் திட்டம் உருவாக வேண்டும். நீங்கள் முன்கூட்டியே யோகா வகுப்பு, கணினி வகுப்பு என்று எழுதி வைத்துவிட்டு, அதற்கு ஆள் சேர்ப்பதற்குப் பெயர் பங்குபற்றல் இல்லை.

வரும் பதில்கள் பெரும்பாலும் சின்ன விசயமாகவே இருக்கும். ஒருவர் கிளினிக்குக்குப் போகும் நாளில் கூட ஒரு ஆள் வேண்டும் என்பார். ஒருவர் திருக்கோணேஸ்வரத்துக்குப் போய் வருடக்கணக்காகிறது, கோட்டை வாசலிலிருந்து அந்த ஏற்றம் ஏற முடியவில்லை என்பார். நான்கு பேர் சேர்ந்து ஒரு ஆட்டோ பிடித்தால் அது தீர்ந்தது. அந்த நாலு பேரையும் சேர்த்து, ஆட்டோக்காரரோடு விலை பேசி, வெள்ளிக்கிழமைக்கு ஒழுங்கு செய்யும் பொறுப்பை அவர்களில் ஒருவரிடமே கொடுங்கள். உங்களுக்கு அது பத்து நிமிட வேலை. அவருக்கு அந்த வாரம் முழுக்க நாலு பேரோடு கதைக்க ஒரு காரணம்.

கற்றுக்கொடுக்கக்கூடியவர்களும் இருக்கிறார்கள். கரைவலை இழுத்த காலத்து அம்பாப் பாட்டுத் தெரிந்தவர்கள் இன்னும் கடற்கரையில் உண்டு. 1964 டிசம்பர்ப் புயல் திருகோணமலையை அடித்தபோது பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர் இப்போது எழுபதைத் தாண்டியிருப்பார். அன்று கூரை எந்தப் பக்கம் போனது, எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள், தண்ணீர் எந்த ஒழுங்கை வரை வந்தது என்று சொல்ல அவரால்தான் முடியும். பாடசாலைப் பிள்ளைகள் அதைக் கேட்டு எழுதட்டும். வெள்ளம் எந்தப் பக்கத்தால் வரும் என்ற தகவல் அனர்த்த முகாமைத்துவ ஆட்களுக்கும் உதவும். ஒரு எச்சரிக்கை: போர்க்காலத்தையும் 2004 சுனாமியையும் பற்றி நீங்களாகக் கேட்கத் தொடங்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் இருந்து கேளுங்கள், எழுதுவதை நிறுத்திவிட்டு.

கூட்டம் என்று வந்தால் இன்னொரு சிக்கல் இருக்கிறது. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு முதியோருக்கான தேசியச் செயலகம் வந்தது, கிராம மட்டத்தில் முதியோர் சங்கங்களும் வந்தன. உங்கள் பிரிவிலும் ஒன்று இருக்கும். பிரதேச செயலகத்தில் இதற்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் கேட்டால் சொல்வார். போட்டியாகப் புதிதாக ஒன்று தொடங்காமல் அதனோடு சேருங்கள். ஆனால் அந்தச் சங்கத்தில் யார் கதைக்கிறார்கள் என்று கவனியுங்கள். தலைவர் இளைப்பாறிய அதிபர், செயலாளர் இளைப்பாறிய எழுதுவினைஞர், பொருளாளர் பாங்கில் இருந்தவர். பென்சன்காரர் எல்லோரும் முன்வரிசையில். மீன் கருவாடு போட்டு விற்றுப் பிள்ளைகளை வளர்த்த விதவைத் தாய் கடைசி வரிசையில் இருந்து, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, கையெழுத்து வைத்துவிட்டுப் போவார். அதிபர் ஐயாவைக் குறைசொல்ல வரவில்லை, அவருக்கும் தனிமை இருக்கிறது, அவர் எழுதும் கடிதமில்லாமல் சங்கமும் நடக்காது. ஆனால் முடிவெடுக்கும்போது ஏழெட்டுப் பேராக வட்டமாக இருந்து கதைக்க வையுங்கள். மேடையையும் ஒலிபெருக்கியையும் தூக்கிவிட்டாலே பாதி மாற்றம் வரும்.

ஒக்டோபர் 1 விழா பற்றி. அன்று சிறுவர் தினமும் முதியோர் தினமும் சேர்ந்தே வருவதால் ஊரெல்லாம் நிகழ்ச்சி, அதிதிகளுக்குத் தட்டுப்பாடு. காலை ஒன்பது மணி என்று அழைத்து, பதினொன்றரைக்கு அதிதி வந்து, வெக்கையில் பிளாஸ்ரிக் கதிரையில் வயதானவர்கள் மூன்று மணித்தியாலம் இருந்து, ஒரு துவாயோடு வீடு திரும்புகிறார்கள். விழா எடுக்கத்தான் வேண்டுமென்றால் எடுங்கள், திட்டத்தின் தொடக்கம் அதுவாக இருக்கவேண்டாம். எங்களுக்கு உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான் வருகிறது. ஒக்டோபர் கடைசியில் மாரி பிடித்தால் தை மாதம் வரை ஒழுங்கைகளில் தண்ணீர், வழுக்கல், ஆறு மணிக்கே இருட்டு. வெளியே போய்வரும் வயதானவர்களும் அந்த மாதங்களில் வீட்டுக்குள் முடங்கிவிடுவார்கள்.

அதற்கு ஒரு போன் சங்கிலி போதும். ஐந்தாறு பேர் கொண்ட குழு; காலையில் முதலாமவர் இரண்டாமவருக்கு எடுப்பார், இரண்டாமவர் மூன்றாமவருக்கு, கடைசி ஆள் திரும்ப முதலாமவருக்கு. ஒருவர் போனை எடுக்காவிட்டால் அந்தக் குழுவுக்குப் பொறுப்பான இளைஞர் சைக்கிளில் போய்ப் பார்க்க வேண்டும். சங்கிலியை நடத்துவது முதியவர்கள், இளைஞர் காத்திருப்பு ஆள் மட்டுமே. வாட்ஸ்அப் குழு இதற்குச் சரிவராது. அதில் காலை வணக்கப் பூப்படம் வருவதைப் பார்த்து ஆள் சுகமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வோம்.

கண்ணும் காதும் பற்றி ஒரு வார்த்தை. கூட்டத்துக்கு வராமல் ஒதுங்குபவர்களைப் "பெரிய மனிசன், ஒருத்தரோடும் சேரமாட்டார்" என்று ஊர் முத்திரை குத்திவிடும். பல வேளை அவருக்குக் காது கேட்பதில்லை; மாறிப் பதில் சொல்லி நாலு பேர் சிரிக்கும்படி ஆகிவிடுமோ என்ற பயம். லான்செட் மருத்துவச் சஞ்சிகையின் ஆணைக்குழு 2024 இல் மறதிநோய்க்கு மாற்றக்கூடிய காரணிகளாகப் பட்டியலிட்ட 14 இல் செவிப்புலன் குறைவு, கவனிக்காமல் விட்ட பார்வைக் குறைவு, சமூகத்திலிருந்து ஒதுங்கியிருத்தல் மூன்றும் உண்டு. ஒன்று மற்றதை இழுத்துவரும். ஆகவே முதல் மாதத்தில் ஒரு கண், காது பரிசோதனை ஒழுங்கு செய்வது பத்துக் கலைநிகழ்ச்சிக்குச் சமன். கூடும் இடத்தில் கொமட் வைத்த மலசலகூடமும், கைபிடி உள்ள கதிரையும் இருக்கிறதா என்று பாருங்கள். மலசலகூடம் சரியில்லையென்றால் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருவார்கள், அல்லது வரவே மாட்டார்கள். காரணத்தைச் சொல்லவும் மாட்டார்கள்.

சில இடத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். தனியாக இருக்கும் வயோதிபரிடம் இருப்பது வீடும் வளவும் காணி உறுதியும். கடற்கரைப் பக்கக் காணிக்கு என்ன விலை என்று உங்களுக்குத் தெரியும். அன்பாகப் பழகி, ஒத்தாசை செய்து, கடைசியில் கையெழுத்து வாங்கிய கதைகள் எங்கள் பக்கமும் உண்டு. எனவே வீட்டுக்குப் போகிறவர்கள் இருவராகவே போகட்டும். காசு, நகை, பாங்க் காட், காணி உறுதி எதையும் கையால் தொடக்கூடாது, எந்தப் பத்திரத்துக்கும் சாட்சி போடக்கூடாது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் திட்டத்தைத் தொடக்கத்திலேயே தெரியப்படுத்துங்கள், பெற்றவரின் சம்மதத்தோடு.

எல்லாச் சோகமும் தனிமையல்ல என்பதும் ஞாபகமிருக்கட்டும். சாப்பாடு இறங்கவில்லை, நித்திரை இல்லை, "நான் இருந்து என்ன" என்று ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்னால், அதைக் கிழட்டுப் புலம்பல் என்று விடாதீர்கள். அரச மனநல உதவிக்கு 1926 என்ற இலக்கம் இருக்கிறது. ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் குழுவின் அன்பு வைத்தியத்துக்கு மாற்றாகாது.

கனடாச் சங்கம் "பலன் என்ன?" என்று கேட்கும். படம் அனுப்பாதீர்கள். தனிமையை அளக்க உலகெங்கும் பாவிக்கும் மூன்று கேள்விகள் உண்டு: துணையில்லையே என்று எவ்வளவு அடிக்கடி நினைக்கிறீர்கள், ஒதுக்கிவிட்டார்கள் என்று எவ்வளவு அடிக்கடி, மற்றவர்களிடமிருந்து பிரிந்துபோனதாக எவ்வளவு அடிக்கடி. அரிதாக என்றால் 1, சிலவேளை 2, அடிக்கடி 3. கூட்டினால் 3 இலிருந்து 9 வரை வரும். இதை முதல் சந்திப்பிலேயே கேட்க முடியாது என்று மேலே சொன்னேன். பழகிய பிறகு, அவர்கள் வயதை ஒத்த ஒருவரே கேட்கட்டும். கேள்வியின் சொற்களையும் உங்கள் முதியவர்களிடமே கொடுத்து எங்கள் பேச்சுக்கு மாற்றச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்துத் திரும்பக் கேளுங்கள்.

கடைசியாகக் காசு. முதியவர்கள்தானே, இலவசமாகச் செய்வார்கள் என்று வரவுசெலவில் அவர்களுக்கு ஒன்றும் போடாமல் விடுவது வழக்கம். கருவாடு விற்கும் தாய் ஒரு காலையை உங்களுக்குத் தந்தால் அன்றைய வருமானம் போகும். பேரப்பிள்ளையைப் பார்க்கும் அம்மம்மாவுக்கு அந்த நேரத்துக்கு வேறு ஆள் வேண்டும். ஆட்டோக் காசு, போனுக்கு ரீலோட், பயிற்சி கொடுப்பவருக்கு ஒரு சின்னக் கொடுப்பனவு, இவற்றை முதல் வரியிலேயே எழுதுங்கள். பாங்க் கணக்கில் கையெழுத்து வைக்கும் மூவரில் இருவர் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களாகவும், அந்த இருவரில் ஒருவர் பெண்ணாகவும் இருக்கட்டும். காசு எதற்குப் போகிறது என்று முடிவு செய்ய அவர்களுக்கு அதிகாரம் இல்லையென்றால், ஊர்ச்சங்கம் போட்ட நிபந்தனை கடதாசியில்தான் நிறைவேறியிருக்கும்.